ஆட்டத்தை நிறுத்துங்கள், மைதானத்தை மூடாதீர்கள்

கேள்வி: மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கால்பந்துக் குழுவின் செயலாளர் நான். எங்கள் முன்கள வீரனுக்கு 21 வயது. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் வாங்கிய கோப்பைகளில் பெரும்பாலானவை அவன் காலால் வந்தவை. இரவில் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறான். சில மாதங்களாகக் குடி அதிகமாகிவிட்டது. காலைப் பயிற்சிக்கு வாசனையோடு வருகிறான். ஊர்த் திருவிழா அடிதடி வழக்கிலும் அவன் பெயர் சேர்ந்திருக்கிறது. மூத்த வீரர்கள் நான்கு பேர் "அவன் இருந்தால் நாங்கள் இல்லை" என்கிறார்கள். ஜெர்சிக்கும் பயணத்துக்கும் பணம் தரும் புரவலரோ, "கறக்கிற மாடு உதைக்கத்தான் செய்யும், பொங்கல் போட்டியில் அவன் ஆடியே ஆக வேண்டும்" என்கிறார். பெரிய கிளப்புகள் இப்படிப்பட்டவர்களை என்ன செய்கின்றன? நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "காலைப் பயிற்சிக்கு வாசனையோடு வருகிறான்." இரவெல்லாம் மூட்டை இறக்கி, குடித்து, அதற்குப் பிறகும் பஸ் பிடித்து விடியும் முன் மைதானத்தில் வந்து நிற்கிறான். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் மதுரையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பையனுக்குக் கொழுகொம்பு இன்னும் மைதானம்தான் என்று எனக்குக் காட்டியது அந்த வரிதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் போட்டியில் அவனை இறக்காதீர்கள். பயிற்சிக்கு வருவதை ஒரு நாளும் தடுக்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் எங்கள் குழுவில் ஒரு கோல்காப்பாளன் இருந்தான். குடித்துவிட்டு ஒரு ஆட்டத்துக்கு வந்தான். கோபத்தில், இனி மைதானத்துப் பக்கமே வராதே என்று சொன்னேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு ஒயின் ஷாப் வாசலில் அவனைப் பார்த்தேன். அது எங்கள் பயிற்சி தொடங்கும் நேரம். அதுவரை அந்த ஒன்றரை மணி நேரமாவது குடிக்காமல் இருந்தவன் அவன். அந்த நேரத்தையும் அவனிடமிருந்து பிடுங்கியது நான்தான். இன்றும் அது என்னை அறுக்கிறது.

பெரிய கிளப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். 1995 ஜனவரி 25 அன்று லண்டனில், கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய மான்செஸ்டர் யுனைடெட் வீரர் எரிக் கான்டோனா, தன்னை வசைபாடிய பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். எஞ்சிய பருவம் முழுவதும் அவர் ஆட மாட்டார் என்று கிளப்பே அறிவித்தது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடையைச் செப்டம்பர் 30 வரை நீட்டியது. நீதிமன்றம் விதித்த 120 மணி நேரச் சமூக சேவையைச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து முடித்தார். தண்டனை பெரியதுதான், ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. கோடையில் கதவடைத்து நடத்திய ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவரை ஆட வைத்ததற்கும் சங்கம் கேள்வி எழுப்பியபோது, கான்டோனா வெறுத்துப்போய்ப் பாரிஸுக்குச் சென்றுவிட்டார். மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் பின்னாலேயே போய், எதிரே உட்கார்ந்து பேசி, மனத்தை மாற்றினார். அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பிய கான்டோனா பெனால்டியில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் யுனைடெட்டுக்கே வந்தன. எனக்கு இந்தக் கதையில் அந்தக் கோப்பைகளைவிடப் பாரிஸ் பயணம்தான் பெரியது. தண்டனைக் காலத்தின் நடுவில் ஒருவர் அவரைத் தேடிப் போனார்.

அண்மையில் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பும் இதைத்தான் செய்தது. கால்பந்தில் பணம் கட்டிச் சூதாடுவதற்கு எதிரான விதிகளை மீறியதற்காக 2023 மே மாதம் அதன் முன்கள வீரர் இவான் டோனிக்கு எட்டு மாதத் தடை விதித்தார்கள். முதல் நான்கு மாதம் கிளப்போடு பயிற்சி செய்யவும் அனுமதி இல்லை. கிளப் அவரைக் கைவிடவில்லை. 2024 ஜனவரியில் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே கேப்டன் பட்டையைக் கட்டிவிட்டார்கள்.

ஆகவே எத்தனை ஆட்டம் என்பதை எண்ணில் சொல்லுங்கள். "திருந்தும் வரை" என்று சொல்லாதீர்கள். திருந்தினானா இல்லையா என்று யார் அளப்பது? ஐந்து ஆட்டம் என்று குழுவின் நோட்டில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் அவன் தினமும் பயிற்சிக்கு வர வேண்டும். வாசனையோடு வந்த நாளில் மோதி ஆடும் பயிற்சியில் சேர்க்காதீர்கள். போதையில் இருக்கும் கால் தன்னையும் முறித்துக்கொள்ளும், அடுத்தவனையும் முறிக்கும். தண்ணீர் கொடுத்து ஓரத்தில் உட்கார வையுங்கள், பந்து பொறுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும் கேள்வி. கோப்பை வாங்கிய இரவுகளில் உங்கள் குழு என்ன செய்கிறது? நம் பக்கத்துப் போட்டிகளை எனக்குத் தெரியும். பரிசுப் பணத்தை மைதானத்திலேயே பிரித்துக் கையில் கொடுப்பார்கள். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். யாராவது ஒருவர் "இன்றைக்கு என் செலவு" என்பார். அந்த இரவில் அதிகம் ஊற்றிக் கொடுக்கப்படுபவன் அதிகம் கோல் அடித்தவன்தான். குடிக்கப் பழக்கிவிட்டுக் குடிகாரன் என்று ஒதுக்கும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆர்சனல் கிளப்பில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் "செவ்வாய்க்கிழமைக் கூட்டம்" என்றே ஒன்று இருந்தது. புதன்கிழமை ஓய்வு என்பதால் செவ்வாய்ப் பயிற்சி முடிந்ததும் வீரர்கள் சேர்ந்து குடிக்கப் போவார்கள். கேப்டன் டோனி ஆடம்ஸ் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சிறைக்கே போனார். 1996 செப்டம்பரில் தான் குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே இலையுதிர் காலத்தில் மேலாளராக வந்த ஆர்சன் வெங்கர், ஆடம்ஸைக் கேப்டனாகவே வைத்துக்கொண்டு, மொத்த அணியின் உணவையும் குடியையும் மாற்றினார். 1998இல் அதே ஆடம்ஸ் தலைமையில் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் வந்தன. 2000இல் ஆடம்ஸ், போதைப் பழக்கத்தில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்காக ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். ஒரு ஆளை மட்டும் பிடித்து மாற்ற முயன்றிருந்தால் இது நடந்திருக்காது. இந்தப் பொங்கலிலிருந்து உங்கள் குழுவின் வெற்றி விருந்தில் பிரியாணி மட்டும் இருக்கட்டும். பரிசுப் பங்கு மறுநாள் பகலில் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இது மூத்தவர்கள் நால்வருக்கும் சேர்த்து.

அவன் வேலையைக் கவனியுங்கள். லோடு இறக்கி முடியும்போது உடம்பு முறிந்திருக்கும், கூலி கையில் ரொக்கமாக இருக்கும், தூக்கம் வராது. அந்த நேரத்துக்குக் குடி வந்து சேர்கிறது. இதற்கு அறிவுரை பயன்படாது. பகல் வேலை ஒன்று அமைந்தால் பாதிப் பிரச்சினை தானாகக் குறையும். அவனை ஆட வைக்க இவ்வளவு துடிக்கும் உங்கள் புரவலரிடம் கேளுங்கள், அவருடைய கடையிலோ குடோனிலோ பகல் வேலை இருக்கிறதா என்று. சிறிய கிளப்புகள் இப்படி வளைந்து கொடுத்ததுண்டு. இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்கில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் அணிக்கு ஆடிய ஜேமி வார்டி, 2007இல் ஒரு அடிதடி வழக்கில் தண்டனை பெற்றுக் கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டையோடு ஆடினார். மாலையில் குறித்த நேரத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூர் ஆட்டங்களில் ஒரு மணி நேரம் ஆடியதும் அவரை மாற்றி அனுப்பிவிடுவார்கள், காத்திருக்கும் காரில் ஏறி விரைவார். அந்தக் குழு அப்போது அவரைச் சுமை என்று உதறியிருக்கலாம். 2016இல் லெஸ்டர் சிட்டி லீக் பட்டம் வென்றபோது முன்களத்தில் நின்றவர் அவர்தான்.

மருத்துவத்தில் இரண்டு விஷயங்கள். தினமும் குடிக்கிறான் என்றால், "நாளையிலிருந்து தொடக்கூடாது" என்று சத்தியம் வாங்காதீர்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவனைத் தனியாக அனுப்பாமல் நீங்களே உடன் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய உதவி எண்ணும் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. அடுத்து, உடம்பு வலிக்கு அவன் என்ன மாத்திரை போடுகிறான் என்று கேளுங்கள். மூட்டை தூக்கும் பிள்ளைகளிடம் டிரமடால் போன்ற மாத்திரைகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடும். 2024 ஜனவரி 1 முதல் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் போட்டிக்காலத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. கஞ்சாவும் அப்படியே. நாளை மாநில அணிக்கோ பெரிய கிளப்புக்கோ போனால் ஒரு சோதனையில் எல்லாம் முடிந்துவிடும்.

வழக்கைப் பொறுத்தவரை, ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கைகொடுத்து முடித்துவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பதிவான எஃப்.ஐ.ஆர். அதனால் மறைந்துவிடாது. இரு தரப்பும் உண்மையிலேயே சமாதானம் என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் முறையாக முடிக்க வேண்டும். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தமிழக அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. உங்கள் பையனுக்கு அது எட்டாத கனவு இல்லை. வேலைக்கு முன் காவல்துறை விசாரணையும் உண்டு. வழக்கு இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பது, வழக்கைவிடப் பெரிய கேடாக முடியும். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன். சம்பவ நேரத்தில் அவன் பயிற்சியில் இருந்தான் என்று குழுவின் லெட்டர்பேடில் பொய்க் கடிதம் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடிதடியில் யார் யாரை அடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடிபட்டது ஒரு பெண்ணோ குழந்தையோ என்றாலும், அவனால் குழுவில் யாருக்காவது ஆபத்து என்றாலும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பயிற்சிக்கும் இடமில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம்தான் குழு நிற்க வேண்டும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

மூத்தவர்கள் நால்வரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே குரலில்தான் பேசுவார்கள். தனியே கேட்டால் ஒருவர் அவன் தாமதமாக வருவதைச் சொல்வார், ஒருவர் பாஸ் கொடுக்காததைச் சொல்வார். திருவிழாச் சண்டையில் எதிர்த் தெருவில் நின்றவர் யாராவது அந்த நால்வரில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சாதியும் பங்காளிப் பகையும் ஒழுக்கத்தின் பெயரில் குழுவுக்குள் நுழைந்தால் இந்தப் பையனோடு அது நிற்காது. அவர்கள் குறை நியாயமானதென்றால் ஐந்து ஆட்டத் தடை அதற்குப் பதிலாகிவிடும். பிறகும் "அவன் மைதானத்திலேயே இருக்கக் கூடாது" என்பவரிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புரவலருக்கு நேப்பிள்ஸ் கதையைச் சொல்லுங்கள். மரடோனாவின் காலில் அந்த இத்தாலிய நகரத்தின் கிளப்பான நேப்போலி 1987இலும் 1990இலும் இத்தாலிய லீக் பட்டத்தையும், 1989இல் யூஃபா கோப்பையையும் வென்றது. வாரத்தின் முதல் நாள்கள் அவருக்கு எப்படிக் கழிந்தன என்பதைத் தெரிந்தும் கேட்காமல் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோல் விழுந்தது, அது போதும் என்று இருந்தார்கள். 1991இல் கொகெய்ன் சோதனையில் சிக்கிப் பதினைந்து மாதத் தடை வந்தது. அத்தோடு நேப்பிள்ஸில் அவர் ஆட்டம் முடிந்தது. கிளப்பின் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அடுத்த லீக் பட்டத்துக்கு அந்த நகரம் 2023 வரை காத்திருந்தது. மாடு உதைத்தால் வலி இருக்கிறதா, காயம் இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பவர்தான் மாடு வளர்த்தவர். உங்கள் புரவலர் வீட்டில் மாடு இருந்தால் அவருக்கே தெரியும்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால் பிரிவதில் தவறில்லை. பால் மெக்ராத் என்ற தடுப்பு வீரரின் குடியோடு போராடிப் பார்த்து, 1989இல் ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார் அதே ஃபெர்குசன். பல முறை அறுவை சிகிச்சை செய்த முழங்கால்கள். வில்லாவின் உடலியக்க மருத்துவர் ஜிம் வாக்கர் அவரை வழக்கமான பயிற்சியிலிருந்து விடுவித்து, கிட்டத்தட்ட வீட்டுப் பிள்ளையைப்போல் கவனித்துக்கொண்டார். 1993இல் சக வீரர்கள் வாக்களித்து மெக்ராத்தை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். குடி அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை, ஆனாலும் அத்தனை ஆண்டுகள் ஆடினார். உங்களுக்கும் அந்த நிலை வந்தால், அவனுக்கென்று ஒரு ஆள் இருக்கிற வேறு குழுவைத் தேடி, நீங்களே பேசிச் சேர்த்துவிடுங்கள். திண்டுக்கல் பக்கம் நல்ல குழுக்கள் இருக்கின்றன.

இப்போதைக்கு, தடையை மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அறிவிக்க வேண்டாம். இந்த வாரத்தில் ஒரு இரவு மாட்டுத்தாவணிக்குப் போங்கள். லாரிகள் வந்து நிற்கும் இடத்தில் அவன் வேலை செய்வதைச் சிறிது நேரம் பாருங்கள், அவன் கண்ணில் படும்படி நில்லுங்கள். ஓய்வு கிடைக்கும்போது தேநீர் வாங்கிக் கொடுங்கள். பொங்கல் போட்டியில் அவன் ஆடவில்லை என்பதையும், ஐந்து ஆட்டம் என்பதையும், ஆறாவது ஆட்டத்துக்கு அவன் ஜெர்சி எண் யாருக்கும் போகாது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். மருத்துவமனைக்கு எந்தக் கிழமை போகலாம் என்று கேளுங்கள். காலைப் பயிற்சி எப்போதும்போல் ஐந்தரை மணிக்குத்தான் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.