மூளைக் காயம்பட்டவர்களைப் பார்க்கும் ஊழியர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்?

வெள்ளவத்தையில் வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்துவதாகவும், விபத்தில் தலையில் அடிபட்டவர்களைப் பார்க்க உங்கள் ஆறு ஊழியர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூக்குவதும் குளிப்பாட்டுவதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். காயத்தால் வரும் நடத்தையை அந்த மனிதரின் குணம் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

முதல் வகுப்பை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை வைத்தே நடத்துங்கள். அதில் ஜீசீஎஸ் (சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல்) 15 என்று இருந்தால் முழுதாகச் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். 1974இல் கிளாஸ்கோவில் உருவான அந்த அளவுகோல் 3 முதல் 15 வரை போகும். கண் திறக்கிறாரா, பேச்சு எப்படி, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்பதை மட்டுமே அது பார்க்கும். ஞாபகமும் திட்டமிடலும் கோபத்தை அடக்குவதும் அதில் இல்லை. விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை என்று வீட்டாரிடம் கேளுங்கள். வரப்போகும் சிரமத்தை அந்தக் கணக்கு இன்னும் நன்றாகக் காட்டும்.

அடுத்தது ‘சோம்பேறி’ என்ற சொல். நெற்றிப் பக்க மூளை அடிபட்டவர் குளிக்க வேண்டும் என்று தெரிந்தும் எழும்ப மாட்டார். வேலையைத் தொடங்கி வைக்கும் பகுதியே பழுதுபட்டிருக்கிறது. “குளிக்கப் போறீங்களா?” என்று கேட்டால் “பிறகு” என்பார், இரண்டு மணித்தியாலம் அப்படியே இருப்பார். துவாயைக் கையில் கொடுத்து “எழும்புங்க அண்ணா” என்று ஒரே ஒரு படியைச் சொல்லுங்கள். பத்து விநாடி பொறுங்கள். திரும்பச் சொல்வதானால் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வார்த்தை மாறினால் அவர் மூளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பொறுமையில்லாத ஊழியர் பத்து விநாடிக்குள் மூன்று விதமாகக் கேட்டுவிடுவார். இதை ஆளுக்கு ஆள் நடித்துப் பார்க்க வையுங்கள். வெறும் விரிவுரையில் இது வராது.

ஞாபகப் பயிற்சியில் நல்ல மனதோடு செய்கிற ஒரு தவறு உண்டு: “யோசிச்சுப் பாருங்க, மாத்திரை எங்க?” என்று ஊகிக்க விடுவது. நமக்குத் தவறு நினைவிருப்பதால் திருத்திக்கொள்கிறோம். அவருக்கு அந்த நினைவு தங்காது, சொன்ன பிழையான பதில் மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊகிக்கவே விடாமல் முதலில் பதிலைக் கொடுங்கள்: “மாத்திரை சிவப்புப் பெட்டியில.” 30 விநாடி கழித்துக் கேளுங்கள். சரியென்றால் 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டுங்கள். பிழைத்தால் உடனே சரியான பதிலைச் சொல்லி, அவரையும் சொல்ல வைத்து, முந்தைய இடைவெளிக்குத் திரும்புங்கள். பெட்டி இருக்கும் இடத்தை யாரும் மாற்றக்கூடாது. வீட்டைத் துடைக்க வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கோபத்துக்கு ஒரு சீஆர் கொப்பி போதும். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அவர் செய்தது, நாம் செய்தது என்று இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியவரும்: பின்னேரக் களைப்பு, மலச்சிக்கல், வாகன இரைச்சல் வரும் காலி வீதிப் பக்க ஜன்னல் திறந்திருக்க டீவியும் ஓடுவது. கத்தும்போது ஒருவர் மட்டும், தணிந்த குரலில், கதவை மறிக்காமல் நின்று பேசட்டும். வாதாட வேண்டாம். நடக்காததை நடந்ததாகச் சொன்னால் அது பொய்யல்ல, ஞாபகத்தின் ஓட்டையை மூளை தானாக நிரப்புகிறது.

ஆபத்துகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வலிப்பு வந்தால் நேரத்தைக் குறித்து, பக்கவாட்டில் சரித்துவிடுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தூக்கக் கலக்கம் கூடினாலும், புதிதாக ஒரு பக்கம் பலவீனமானாலும், கூடிக்கொண்டு போகும் தலைவலியோடு வாந்தி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சிறு அடிக்குப் பிறகு வாரக்கணக்கில் மெல்ல இரத்தம் தேங்கி வெளிப்படுவதும் உண்டு, முதியவர்களில் கூடுதலாக. மண்டையோட்டு எலும்பு எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள். மணம் தெரியாமல் போவதும் சகஜம். கேஸ் கசிந்தாலும் உணர மாட்டார், ரெகுலேட்டரை ஊழியரே மூட வேண்டும்.

உங்கள் ஆட்களில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் இருந்தால், “நில்லுங்க”, “ஒரு அடி”, “விழுங்குங்க” போன்ற பதினைந்து தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுங்கள். களைத்த மூளையை இன்னொரு மொழியோடும் மல்லுக்கட்ட விட வேண்டாம். ஆள் மாறும்போது புதியவர் பழையவரோடு மூன்று நாளாவது சேர்ந்து வேலை செய்யட்டும். அந்த நாட்களில் இரண்டு சம்பளம் போகும் என்பதைக் குடும்பத்தோடு ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.