ஆனை செத்தது காட்டுக்கு வெளிய

கடிதம்:

அக்கா வணக்கம்,

எனக்கு ஊரு ராயக்கோட்டை பக்கம், வேலை பெங்களூர்ல. வாராவாரம் ஊருக்கு வந்துட்டு போறவன். ரெண்டு வருஷமா உங்க எழுத்தைப் படிக்கறேன், ஆனா போன மாசம் மேய்ச்சல் தடை பத்தி நீங்க எழுதுனதை என்னால ஒத்துக்க முடியல. காட்டை ஒட்டி இருக்கற ஊர்க்காரங்களைக் கேக்காம போடற தடை எதுவும் நிக்காதுன்னு எழுதியிருந்தீங்க. கேட்டா யாருக்கா சரின்னு சொல்லுவாங்க? காவிரி தெற்கு சரணாலயம்னு அறிவிச்ச பிறகும் உள்ள மாடு மேயுது, ஊரு இருக்கு, ரோடு கேக்கறாங்க. பேசாம காவிரி வடக்கு, காவிரி தெற்கு ரெண்டு சரணாலயத்தையும் சேத்து நேஷனல் பார்க் ஆக்கி, உள்ள இருக்கறவங்களுக்கு நல்ல பணம் குடுத்து வெளிய குடியேத்திட்டா என்ன? பெங்களூர் பக்கத்துல பன்னேர்கட்டா நேஷனல் பார்க்காதானே இருக்கு? தர்மபுரி ஜில்லா மாரண்டஅள்ளியில 3 யானை கரண்ட்ல செத்தப்போ அந்த ரெண்டு குட்டியும் பக்கத்துலயே நின்னதைப் பாத்து எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. மனுஷனுக்குப் போக ஆயிரம் இடம் இருக்கு, யானைக்கு எங்க இருக்கு? சுத்தி வளைக்காம நேரா பதில் சொல்லுங்க. என் பேரு போட வேணாம்.

பதில்:

தம்பி,

நேரா சொல்றேன். உங்களுக்கு சோறு எறங்காம பண்ணுன அந்த 3 ஆனையும் செத்தது காட்டுக்கு வெளிய. 2023 மார்ச் 7, மாரண்டஅள்ளி பக்கம் காளிகவுண்டன்கொட்டாய்ல, வெவசாய நெலத்துல, பயிரைக் காப்பாத்த சட்டவிரோதமா கரண்ட் குடுத்து வச்சிருந்த கம்பியில. அதே மாசம் 18ந்தேதி கம்பைநல்லூர் பக்கம் இன்னொரு ஆனை ஏரிக்கரை மேல ஏறுறப்போ தாழ்வா போன மின்கம்பி பட்டு செத்துச்சு, அதுவும் காட்டுக்கு வெளிய தான். காவிரி தெற்கை நேஷனல் பார்க்குன்னு அன்னைக்கே அறிவிச்சிருந்தா கூட இந்த நாலுல ஒண்ணும் பொழைச்சிருக்காது. உங்க கடிதத்தைப் படிச்சதுல இருந்து எனக்கு இதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, நீங்க அழுதது எந்த சாவுக்கோ அந்த சாவுக்கு நீங்க சொல்ற வைத்தியம் எட்டவே எட்டாது.

எங்க ஊரு அஞ்செட்டி பக்கம்னு உங்களுக்குத் தெரியும். மழையை நம்பி ஆடியில வெதைச்ச ராகி கார்த்திகையில கதிர் முத்தி நிக்கும், சரியா அந்த நேரத்துக்குத்தான் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியா கூட்டம் கூட்டமா ஆனை எறங்கும், சானமாவு காட்டுல தங்கும், பேரண்டப்பள்ளி கிட்ட ராத்திரியில ஹைவேயைத் தாண்டும், சில கூட்டம் ஆந்திரா வரைக்கும் போயிட்டு தை மாசம் வாக்குல திரும்பும். இந்த வழி முழுக்க காடா இருக்குன்னு நெனைச்சுக்காதீங்க, ஒரு துண்டு காப்புக்காடு, அப்புறம் வயலு, ஏரி, லேஅவுட், மறுபடி ஒரு துண்டு காடு, இப்படித்தான் இருக்கு. சரணாலயத்துக்கு கோடு போடலாம், பார்க்குக்கும் கோடு போடலாம், ஆனை அந்தக் கோட்டுக்கு வெளிய வந்து போற மாசங்கள்ல அதோட உசுரு யார் கையில இருக்கு? ராத்திரி பரண்ல உக்காந்திருக்கற சம்சாரி கையில. அவன் தகர டப்பாவைத் தட்டறதா கம்பியில கரண்டை விடறதான்னு அவன் தான் முடிவு பண்றான், தனியா, இருட்டுல, தூக்கக் கலக்கத்துல.

எங்கப்பா அப்படி உக்காந்தவர். வேங்கை மரத்துல பரண் கட்டி, டப்பா, வெடி, ஒரு டார்ச். எங்க பாட்டி பரணுக்குக் கீழ நின்னு "சாமி, இது புள்ளைங்க சோறு, நீ அந்தப் பக்கமா போயிடு"ன்னு சத்தமா சொல்லும், பயந்துகிட்டு இல்ல, வீட்டுப் பெரியவங்க கிட்ட பேசற மாதிரி. எனக்குப் பதினோரு வயசு இருக்கும், ஒரே ராத்திரியில ஒன்றரை ஏக்கர் ராகியும் போச்சு, தின்னது பாதி மிதிச்சது பாதி. அப்பா மனு எழுதிக் குடுத்தார், சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு ரெண்டு வருஷம் நடந்தார், பஸ்சுக்கு செலவு பண்ணதுக்கே வந்த பணம் சரியாப் போச்சு. அந்த வருஷம் கடைசி வரைக்கும் ரேஷன் அரிசியும் கடன் வாங்குன ராகியும் தான் வீட்ல. பக்கத்து நெலத்துக்காரர் கிணத்து மோட்டார்ல இருந்து கம்பி இழுத்துடலாம்னு சொன்னப்போ அப்பா வேணாம்னுட்டார். "ராத்திரியில மாடும் வரும், புள்ளையும் ஒண்ணுக்கு எந்திரிக்கும், ஆனையும் வரும், கரண்டுக்கு யாருன்னு தெரியாதுடா"ன்னார். அவரை மாதிரி வேணாம்னு சொன்ன ஆயிரக்கணக்கான ஆளுங்களால தான் தம்பி கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஜில்லாவுலயும் இன்னும் ஆனை நடமாடுது. அந்த "வேணாம்" தேஞ்சுக்கிட்டே வருது. ராகி இருந்த நெலத்துல இப்ப தக்காளி, கோஸு, ரோஜா. ராகி போனா ஒரு வருஷத்துச் சோறு போகும், தக்காளி போனா பேங்க் கடனும் நகைக் கடனும் சேந்து கழுத்தைப் புடிக்கும், அந்த நெலமையில இருக்கறவன் கிட்ட போயி உன் மாமன் குடும்பத்தைக் காட்டுல இருந்து வெளிய ஏத்தப் போறோம், உன் மாட்டை இனிமே உள்ள விடாதேன்னு மட்டும் ஒருத்தர் சொல்லிட்டுப் போனா அடுத்த ராத்திரி பரண்ல அவன் என்ன முடிவு எடுப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சரணாலயத்துக்கு எதிரி கிடையாது. 2014ல காவிரி வடக்கு, 504 சதுர கிலோமீட்டர், 2022 நவம்பர்ல காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர், ரெண்டு தடவையும் மனசு நெறஞ்சு சந்தோஷப்பட்டேன். அந்தப் பக்கம் கர்நாடகாவுல காவிரி சரணாலயம், மாதேஸ்வரன் மலை, இந்தப் பக்கம் ஈரோடு காடு, எல்லாத்தையும் ஒட்டவச்ச மாதிரி ஆச்சு. ஆத்துல நீர்நாய், முதலை, காட்டுல நாலுகொம்பு மான், 238 வகை பறவைன்னு அரசாங்க அறிவிப்புலயே இருந்துச்சு.

ஆனா நீங்க கேக்கற நேஷனல் பார்க் வேற. 1972 வனவிலங்கு சட்டப்படி சரணாலயத்துக்குள்ள ஒருத்தருக்கு இருக்கற உரிமையை தொடர விடறதுக்கு கலெக்டருக்கு வழி இருக்கு, மேய்ச்சலை முறைப்படுத்தவும் வழி இருக்கு. நேஷனல் பார்க்குன்னா மேய்ச்சல் முழுசா கூடாது, உள்ள இருக்கற உரிமையெல்லாம் அரசாங்கத்துக்குப் போயிடணும். அதுக்கப்புறம் 2006ல வன உரிமைச் சட்டம் வந்துச்சு, மொதல்ல உரிமையை அங்கீகரி, இடம் மாத்தணும்னா கிராம சபை சம்மதம் வாங்குன்னு சொல்லுது. தமிழ்நாட்ல பட்டா குடுக்கறதுக்கு கோர்ட் போட்ட தடையே 2016 வரைக்கும் நின்னுச்சு. நம்ம பக்கம் காட்டுல இருக்கறவங்கள்ல இருளருக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து இருக்கோம்னு காட்டுனா போதும், பழங்குடி பட்டியல்ல இல்லாதவங்க 75 வருஷமா இருக்கோம்னு காட்டணும், நாலாங்கிளாஸ் படிச்ச கெழவர் எந்த காயிதத்தைக் கொண்டுபோயி காட்டுவார்? இந்த வேலையெல்லாம் பாதியில கெடக்கறப்போ நல்ல பணம் குடுத்து வெளிய கொண்டு வரலாம்னு நீங்க ஒரே வரியில எழுதறீங்க. அவங்களுக்கு என்ன சொந்தம்னே இன்னும் எழுதி முடிக்கல, எதுக்குப் பணம் குடுப்பீங்க?

பன்னேர்கட்டாவை உதாரணம் காட்டுனீங்க. அது 1974ல இருந்து நேஷனல் பார்க். அதைச் சுத்தி பாதுகாப்பு மண்டலம் 268.96 சதுர கிலோமீட்டர்னு 2016 வரைவுல இருந்தது, 2020 மார்ச்ல இறுதியா வந்தப்போ 168.84. நூறு சதுர கிலோமீட்டர் காணாமப் போச்சு. அதைக் கொறைச்சது மாடு மேய்க்கறவனா? நம்ம பக்கமும் பாருங்க, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள குவாரி கூடாதுன்னு 2021 நவம்பர்ல விதி போட்டாங்க, அடுத்த வருஷம் டிசம்பர்லயே காப்புக்காட்டை மட்டும் அந்த விதியில இருந்து எடுத்துட்டாங்க. கிருஷ்ணகிரி ஜில்லா கிரானைட் பூமி, இந்த ஒரு வரி மாறுனா இங்க என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பார்க்குங்கற பேரு ஏழைக்கு முன்னாடி சுவரா நிக்குது, பணம் வந்தா வழி விடுது, என் கோவமெல்லாம் அங்கதான்.

அப்புறம் நம்ம பக்கத்துல காடு காப்பாத்தறதுங்கற வார்த்தைக்கே ஒரு பழைய காயம் இருக்கு தம்பி. உங்க வயசுக்கு அது கேள்விப்பட்ட செய்தியா மட்டும் இருக்கலாம். அரூர் பக்கம் வாச்சாத்தி, 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூணும் ஊருக்குள்ள போச்சு, 18 பெண்களை நாசம் பண்ணாங்க, வீடு, கிணறு, ஆடு மாடு எதையும் விடல. 269 பேர் மேல கேஸ், 2011 செப்டம்பர் 29 தீர்ப்பு வர்றதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு கோர்ட் சொல்லுச்சு, அதுல 126 பேர் வனத்துறை. ஹைகோர்ட் அதை உறுதி பண்ணது 2023 செப்டம்பர்ல. முப்பத்தோரு வருஷம். இன்னைக்கு ட்யூட்டியில இருக்கற கார்டுங்க அந்த ஆளுங்க இல்ல, ராத்திரி முழுக்க ஆனையை வெரட்டிட்டு காலையில வெறும் டீயோட நிக்கற வேட்டைத்தடுப்புக் காவலர்களை எனக்குத் தெரியும், அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனாலும் காக்கிச்சட்டை ஜீப் ஊருக்குள்ள வந்து "எடத்தைக் காலி பண்ணணும்"னு சொன்னா அந்த மலையடிவாரத்துக் கெழவிங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அதை மதிக்காம எந்தத் திட்டமும் இங்க போட முடியாது.

மேய்ச்சல்ல நீங்க சொல்றதுல பாதி நெஜம், ஒத்துக்கறேன். வீட்டுக்கு நாலு மாடு வச்சிருக்கறவங்க ஒரு பக்கம், சொந்தமா காட்டுக்குள்ளயே வராத ஆளுங்க கூலிக்கு ஆள் வச்சு நூத்துக்கணக்குல பட்டி போட்டு மேய்க்கறது இன்னொரு பக்கம். ரெண்டாவது நிக்கணும், நாட்டுத்துப்பாக்கி தூக்கிட்டு போறதும் நிக்கணும், நான் எங்க ஊர்லயே அதைச் சொல்லி பேச்சு வாங்கியிருக்கேன். 2022 மார்ச்ல ஹைகோர்ட் மொதல்ல எல்லாக் காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னுட்டு, அப்புறம் அதே மாசம் நேஷனல் பார்க், சரணாலயம், புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்குச்சு. அதனால இப்ப சரணாலயம் ஆன இடத்துல நாலு மாட்டுக்காரனும் நானூறு மாட்டுக்காரனும் ஒரே குத்தவாளி. நானூறு மாட்டுக்காரன் அபராதம் கட்டிட்டுப் போயிடுவான், நாலு மாட்டுக்காரன் மாட்டை விப்பான். யாரோட மாடு, எத்தனை, எந்த மாசம், எந்த ஓடை வரைக்கும்னு ஊர்ல உக்காந்து பேசினா பிரிச்சுட முடியும், ஏன்னா யாரு பட்டி எங்க இருக்குன்னு ஊருக்கு அத்துப்படி. வன உரிமைச் சட்டம் 5வது பிரிவு காட்டையும் வனவிலங்கையும் காக்கற அதிகாரத்தை கிராம சபைக்கே குடுத்திருக்கு. கேட்டா யாரு சரின்னு சொல்லுவாங்கன்னு கேட்டீங்கல்ல, இந்த மாதிரி யாராச்சும் வந்து கேட்டு நான் பாத்ததே இல்ல. உள்ள உண்ணிச்செடி மண்டிக்கெடக்கு, புல்லு மொளைக்க எடமில்ல, அதை வெட்டி எடுக்கற வேலையை இதே ஊர்க்காரங்களுக்குக் குடுத்தா மாட்டை விட்டுட்டு வர்றதுக்கு ஆள் ரெடியா இருக்காங்க.

மனுஷனுக்கு ஆயிரம் இடம்னு எழுதியிருக்கீங்க. பாலக்கோடு பக்கம் வயல்ல எறங்கிட்டு இருந்த மக்னா ஆனையை, அதான் தந்தம் இல்லாத ஆண் ஆனை, 2023 பிப்ரவரியில புடிச்சு ஆனைமலைக்குக் கொண்டுபோயி விட்டாங்க, ஞாபகம் இருக்கா? நல்ல காடு, தண்ணி, தீவனம் எல்லாம் இருந்துச்சு. அது அங்க நிக்கல, கெளம்பி நடந்து நடந்து கோயம்புத்தூர் ஊருக்குள்ள வரைக்கும் வந்துச்சு, மறுபடி புடிச்சாங்க. அப்ப நீங்க அந்த ஆனைக்காக வருத்தப்பட்டிருப்பீங்க, நானும் தான். பெட்டமுகிலாளம் மலையில பொறந்து வளந்த ஒரு கெழவியைக் கொண்டுவந்து ஓசூர் ஓரத்துல ஒரு ரூம் வீட்ல வச்சா அதுக்கும் அப்படித்தான் தம்பி இருக்கும். போகணும்னு அவங்களே விரும்பி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்காக கேட்டு வர்ற குடும்பங்க இருக்கு, அவங்களுக்கு நெலத்தோட, முழு மரியாதையோட செய்யுங்க, நான் மொத ஆளா வந்து நிப்பேன்.



இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உங்க ராயக்கோட்டை பக்கமும் ஆனை வழி தான். அக்டோபர் 2 கிராம சபை, லீவு நாள் தான், ஊர்ல இருப்பீங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பஞ்சாயத்துல ஏரிக்கரை, வயல் ஓரமெல்லாம் நடந்து எங்கெங்க மின்கம்பி தொங்குது, எந்தெந்த மோட்டார் ரூம்ல இருந்து வேலிக்கு ஒயர் போகுதுன்னு பாத்து எழுதுங்க. ஒயர் போட்டவர் பேரை சபையில சொல்ல வேணாம், நேர்ல போயி அவர்கிட்ட போன வருஷம் பயிர் எவ்வளவு போச்சு, நஷ்டஈடு வந்துச்சான்னு கேளுங்க, வரலைன்னா மனுவை நீங்களே எழுதிக் குடுங்க, உங்களுக்கு கம்ப்யூட்டர் பழக்கம். தொங்கற கம்பிக்கு சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க. தீர்மானத்தோட நகலை எனக்கு அனுப்புங்க, எங்க பஞ்சாயத்துலயும் அதே மாதிரி கொண்டுவரணும்.

அன்புடன்,
அக்கா