சினிமா சண்டையை நிஜச் சண்டை மாதிரியே எடுத்தால் என்ன?

கேள்வி கேட்டவர் மூன்று புகார் சொல்லியிருக்கிறார்: ஒரு குத்துக்கு ஆள் பத்தடி பறக்கிறான், ரவுடிகள் வரிசையில் நின்று ஒவ்வொருத்தனாக வந்து அடி வாங்குகிறார்கள், ஹீரோவுக்கு மூச்சே இரைப்பதில்லை. மூன்றும் ஒரே ரகமில்லை. முதலாவதை மன்னித்துவிடலாம். இரண்டாவதைக் கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் சரிசெய்யலாம். மூன்றாவதுதான் காட்சியையே சாகடிக்கிறது.

முதலில் நிஜச் சண்டை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். தெருவில் இரண்டு பேர் மோதினால் நாலைந்து வீச்சுக்குள் சட்டையைப் பிடித்துக் கட்டிப் புரள ஆரம்பித்துவிடுவார்கள். எது யார் கை, எது யார் கால் என்று பக்கத்தில் நிற்பவனுக்கே புரியாது. தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களுக்கே 3 நிமிடத்துக்கு ஒருமுறை 1 நிமிடம் ஓய்வு. பழக்கமில்லாதவனுக்கு அரை நிமிடத்திலேயே நாக்குத் தள்ளிவிடும். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்தியவன் கைதான் முதலில் போகும். சுண்டுவிரல் கணுவுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிவதற்கு மருத்துவத்தில் 'பாக்ஸர் ஃப்ராக்சர்' என்றே பெயர். இருபது பேர் மண்டையில் குத்திய ஹீரோ மறுநாள் சோறு பிசைய முடியாது.

இதை அப்படியே படம் பிடித்தால் கேமராவுக்கும் ஒன்றும் பிடிபடாது. பயிற்சி உள்ளவனின் நேர்குத்து போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம். அந்தக் கணக்கில் அது மூன்று முதல் ஐந்து ஃப்ரேம். கண் சிமிட்டினால் போச்சு. குத்துச்சண்டைக்காரன் குத்து வருவதைத் தோளில்கூடக் காட்டமாட்டான். சினிமா ஃபைட்டர் அதற்கு நேர்மாறாகத் தோளைப் பின்னால் இழுத்து, கையை நன்றாக ஓங்கி, 'இதோ வருகிறது' என்று கடைசி வரிசைக்கும் சொல்லிவிட்டுத்தான் வீசவேண்டும். சிலம்பம் திரையில் அழகாக எடுபடுவதும் இதனால்தான். கம்பு போகும் பாதை முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. தரையில் கிடந்து கழுத்தை நெரிக்கும் ஜூஜிட்சு மற்போர்ப் பிடி நிஜத்தில் எமன், திரையில் இரண்டு பேர் தூங்குவது மாதிரி இருக்கும்.

சரி, படாத குத்து பட்ட மாதிரி தெரிவது எப்படி? எல்லாம் கேமரா நிற்கும் இடத்தில் இருக்கிறது. குத்துகிறவன் முதுகுப் பக்கமோ, வாங்குகிறவன் முதுகுப் பக்கமோ தோளுக்கு மேலாகக் கேமராவை வைப்பார்கள். முஷ்டி போகும் பாதை, லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவே குறுக்காக வெட்டவேண்டும், அல்லது முகத்துக்கு அந்தப் பக்கம் மறைந்து போகவேண்டும். அப்போது முஷ்டிக்கும் தாடைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தாலும் தெரியாது. 85 எம்எம் மாதிரி நீள லென்ஸ் போட்டுத் தள்ளி நின்றால் இடைவெளி இன்னும் சுருங்கித் தெரியும். அதே ஷாட்டை 24 எம்எம் வைட் லென்ஸில் கிட்டே போய் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையில் தூக்கி எடுக்கும்போது ஆபரேட்டர் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதே கதிதான்.

பாதி வேலை வாங்குகிறவனுடையது. எதிராளி வலது கையால் சுழற்றிக் குத்தினால் அது இவனுடைய இடது கன்னத்தில் படவேண்டும், தலை இவனுடைய வலப்பக்கம் திரும்பவேண்டும். பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் புது ஃபைட்டர்கள் உண்டு. முஷ்டி மூக்குக்கு நேராக வரும் கணத்தில் தலை கிளம்பவேண்டும். முன்கூட்டியே கண்ணை மூடிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டு ஃப்ரேம் பிந்தினால் எடிட்டர் காப்பாற்றுவார், முஷ்டி படுவதற்குச் சற்று முன்னால் இரண்டு மூன்று ஃப்ரேமைத் தூக்கிவிட்டால் அடி இன்னும் பலமாகக்கூடத் தெரியும். முந்திவிட்டால் ரீடேக்தான்.

சத்தத்தில் யாரும் நிஜத்தைக் கேட்பதே இல்லை. நிஜக் குத்து 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். 'டிஷ்யூம்' போய் இப்போது நெஞ்சு அதிரும் பேஸ் ஒலி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எலும்பு முறியும் சத்தத்துக்கு செலரித் தண்டை ஒடித்துப் பதிவு செய்வது ஒலிக்கலைஞர்களின் பழைய கைப்பழக்கம்.

வேகத்தைக் கூட்ட ஹாங்காங்காரர்கள் பிரபலப்படுத்திய வழி, 24க்குப் பதில் 22 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது. 9 சதவீதம் வேகம் கூடும், யாருக்கும் தெரியாது. 20க்கு இறங்கினால் 20 சதவீதம். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆள் வேகமாக அடிப்பதை நம்பிவிடலாம், ஆனால் வேட்டி நுனியும் புழுதியும் மழைத்துளியும் சேர்ந்து அவசரப்படுமே!

இப்போது பறக்கிற கதைக்கு வருவோம். கையும் தோளும் சேர்ந்து 4 கிலோ எடை, நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலொன்பது முப்பத்தாறு. அடி வாங்குகிறவன் 70 கிலோ என்றால், அந்த முப்பத்தாறை எழுபதால் வகுத்தால் அவன் பின்னால் போகும் வேகம் வரும்: நொடிக்குச் சுமார் அரை மீட்டர். நாம் கடைக்கு நடந்து போவதே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆக, பறப்பது சுத்தப் பொய். இருந்தும் அதை மன்னிக்கலாம் என்றதற்குக் காரணம், அது இந்த வகைப் படத்தின் பாஷை. பாட்டில் ஐம்பது பேர் ஒரே ஸ்டெப் போடுவதை ஏற்றுக்கொள்கிறவர் இதையும் ஏற்றுக்கொள்வார். உறுத்துவது பறப்பதில் இல்லை, பறக்கும் விதத்தில் இருக்கிறது. ஆளைப் பறக்கவிட ரோப் கட்டித்தான் இழுப்பார்கள். அந்த ரோப்பைக் கட்டும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை இடுப்பில் இருக்கிறது, அடி விழுந்தது நெஞ்சில். ரோப்பை இழுத்ததும் இடுப்பு முதலில் கிளம்பி, நெஞ்சும் காலும் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தால் மூட்டையை இழுத்தது போல் இருக்கும். எறிந்த கல் வளைந்து விழும். ஒரே வேகத்தில் இழுக்கப்பட்ட ஆள் நேர்கோட்டில் போவான். கம்ப்யூட்டரில் கயிற்றை அழித்தாலும் அந்தக் கோட்டை அழிக்க முடியாது. நல்ல ஃபைட்டர் ரோப் இறுகுவதற்கு முன் தானே நெஞ்சைப் பின்னால் தள்ளி எம்பிவிடுவான். விழுந்தபின் உடனே எழாமல் கிடப்பதும் முக்கியம். பத்தடி பறந்தவன் அடுத்த ஷாட்டில் ஓடிவந்தால் அந்தப் பத்தடிக்கு அர்த்தமே இல்லை.

வரிசையில் வருகிற ரவுடிகள் பிரச்சினை பெரும்பாலும் இடம் தேர்வு செய்வதில் வரும் தப்பு. மைதானத்தில் எட்டுப் பேர் வட்டமாக நின்றால் ஏழு பேருக்கு வேலை இல்லை. பின்னணியில் கையை ஓங்கிக்கொண்டு கால் மாற்றி ஆடுவதைத் தவிர என்ன செய்வார்கள்? மாடிப்படி, பஸ்ஸின் உட்புறம், குறுகிய சந்து என்று இடத்தை இறுக்கினால் இருவருக்கு மேல் கிட்டே வர முடியாது, கேள்வியே எழாது. வெட்டவெளிதான் வேண்டுமென்றால் ஒவ்வொருவனுக்கும் ஒரு காரியம் கொடுக்கவேண்டும்: ஒருவன் எழ முயல்கிறான், ஒருவன் கட்டை தேடுகிறான், ஒருவன் பயந்து தயங்குகிறான்.

2003இல் வந்த கொரியப் படம் ஓல்ட்பாய் இதற்கும் மூன்றாவது புகாருக்கும் சேர்த்து ஒரு பதில். நீளமான நடைபாதை, பக்கவாட்டில் நகரும் கேமரா, வெட்டே இல்லாத ஒரே ஷாட். மூன்று நாள், 17 டேக். அதில் அடிகள் பலவும் படவில்லை என்று உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் நாயகன் தள்ளாடுகிறான், குனிந்து மூச்சு வாங்குகிறான், எதிராளிகளும் களைத்து நின்றுவிடுகிறார்கள். அதனால் அந்தச் சண்டை அப்பட்டமான உண்மையாகத் தெரிகிறது.

நம்மூர் படங்களில் களைப்பு காணாமல் போவது ஷூட்டிங் முறையால். ஒரு சண்டையை முன்னும் பின்னுமாகப் பல நாள் எடுப்பார்கள். சட்டையில் மட்டும் சுத்தமானது, புழுதி பட்டது, கிழிந்தது, ரத்தம் தோய்ந்தது என்று நாலு செட் இருக்கும். மூச்சுக்கு அப்படி செட் கிடையாது. லஞ்ச் பிரேக்குக்குப் பிறகு எடுத்த ஷாட்டில் ஹீரோ குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார், கிளிசரின் தண்ணீரை ஸ்ப்ரே செய்து வியர்வையை மட்டும் கொண்டுவருவார்கள். போதாததற்கு, 'ஹா', 'ஹூம்' என்ற முனகல்களை எல்லாம் டப்பிங் தியேட்டரில் மைக் முன் நின்று ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போவார். முதல் அடிக்கும் நாற்பதாவது அடிக்கும் குரல் ஒன்றாகவே இருக்கும். சண்டையை மூன்று துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டுக்கு முன் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு மைக் முன் நிறுத்தினால் போதும். செலவு ஒன்றுமில்லை.