பொழுதுபோக்குப் பூங்காவுக்கு எந்த மாதத்தில் போகலாம்?

கேள்வி: எங்களுக்கு எட்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள். கடந்த மே மாதம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம்; நாள் முழுவதும் வரிசையில் நின்றதுதான் மிச்சம். சேலத்திலிருந்து பெங்களூருவும் எட்டும் தூரம்தான், சென்னையும் போகலாம். ஆண்டில் எந்தக் காலம் உகந்தது?
– வாசகி, சேலம்.

பதில்: பலரும் வெயிலையும் மழையையும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது பள்ளி நாட்காட்டி. அதிலும் பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் பள்ளி நாட்காட்டி. காரணம் எளிய கணக்கில் விளங்கும். 24 பேர் அமரக்கூடிய ஒரு ராட்டினம் ஆட்களை ஏற்றி, சுற்றி, இறக்கிவிட 5 நிமிடம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அதில் ஏறக்கூடியவர்கள் 288 பேர்தான். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். காலை 11 மணிக்கு உள்ளே நுழைந்து மாலை 6 மணிக்கு வெளியேறும் குடும்பம், உணவுக்கும் உடை மாற்றுவதற்கும் ஆகும் நேரம் போக, இப்படி ஐந்து வரிசைகளைக் கடந்தாலே பெரிது. அதே ராட்டினத்தில் கூட்டமில்லாத நாளில் இறங்கியவுடனே மறுபடி ஏறலாம். கட்டிய பணத்துக்குப் பிள்ளைகள் மும்மடங்கு விளையாடுவார்கள்.

உங்களுக்குப் பெங்களூருவை அடுத்த பிடதியில் இருக்கும் பூங்கா நல்ல தேர்வு. கர்நாடகத்தில் கோடை விடுமுறை ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி, மே மாத இறுதியிலோ ஜூன் முதல் நாளையொட்டியோ முடிந்துவிடுகிறது. தமிழகத்தில் பள்ளிகள் அதற்குச் சில நாட்கள் கழித்தே திறப்பது வழக்கம். 2024-இல் ஜூன் 10-ஆம் தேதிதான் திறந்தன, 2025-இல் ஜூன் 2-ஆம் தேதி திறந்தன. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். ஆனால், அங்கே பள்ளி திறந்து இங்கே திறக்காத அந்தச் சில நாட்கள் கிடைக்குமானால் அவற்றை விட்டுவிடாதீர்கள். பள்ளி திறப்புத் தேதி அறிவிக்கப்பட்டதும் அந்த இடைவெளியில் வரும் செவ்வாய், புதன், வியாழக்கிழமைகளில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்தில் பெங்களூருவின் கோடைச் சூடும் தணிந்திருக்கும். மாலையில் ஒரு மழை பெய்தால் உண்டு.

இன்னொரு வாய்ப்பு உங்கள் மாவட்டத்துக்கே உரியது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார்கள். அது பெரும்பாலும் ஆடி மாதத்துப் புதன்கிழமையாக அமையும். அன்று சென்னைப் பிள்ளைகளும் பெங்களூருப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். வீட்டில் மாவிளக்கோ பொங்கலோ வைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கிளம்புமாறு நாங்கள் சொல்லவில்லை. அப்படிக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு வார நடுவில் இப்படியொரு நாள் கிடைப்பது அரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு விடுமுறை கிடைக்கும் விருதுநகர் மாவட்டத்தாரும் இதையே செய்யலாம். ஈடுசெய்யும் வேலைநாளாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

காலாண்டு விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பரும் அக்டோபரும் பெங்களூருவில் மழை மிகுந்த மாதங்கள். அதோடு, பிடதி மைசூரு செல்லும் சாலையில் இருப்பதால் தசரா கூட்டமும் அங்கேதான் வந்து சேரும். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் பட்ட பாட்டையே மீண்டும் படுவீர்கள்.

கேள்வி: பேத்திக்கு நான்கு வயது. நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். எந்த நாளிலும் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்கு ஏற்ற மாதம் எது?
– வாசகி, தாம்பரம்.

பதில்: தயங்காமல் பிப்ரவரி என்போம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கத்திரி வெயிலுக்கு இன்னும் நாள் இருக்கும் காலம் அது. பகல் வெப்பம் 30, 31 டிகிரி அளவில் நிற்கும், மழை அநேகமாக இராது. பொதுத்தேர்வு நெருங்குவதால் பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வெளியே கிளம்புவதில்லை. ஒரே ஒரு சங்கடம், பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள். ஆண்டுத் தேர்வுக்கு முன்பாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பள்ளிகள் ஜனவரி, பிப்ரவரி வேலைநாட்களைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. ஆகவே முந்தைய நாள் பூங்காவின் டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, மறுநாள் எத்தனை பள்ளிகள் வருகின்றன என்று கேட்டுவிடுங்கள்.

நீர் விளையாட்டை நண்பகலுக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. பிப்ரவரிக் காலைகளில் குளத்து நீர் சில்லென்று இருக்கும். நான்கு வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடும். வேறொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: ராட்டினங்களில் பெரும்பாலும் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தையே அளக்கிறார்கள். பெரிய ராட்டினங்களுக்கு 140 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. பேத்திக்குக் குழந்தைகள் பகுதி மட்டுமே என்பதால் அரை நாள் போதும். அதற்கு முழு நாள் கட்டணம் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களைக் கேட்டால், இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கலாம்.

கேள்வி: காணும் பொங்கலன்று போகலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்.

பதில்: வேண்டாம். அன்று மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சென்னை கிளம்புகிறது; பூங்கா வாசலை அடையவே பாதி நாள் ஆகிவிடும்.

கேள்வி: நவம்பரில் கூட்டமே இராது என்று நண்பர் சொல்கிறார். மழையில் போய் என்ன செய்வது என்று என் மனைவி கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திருவான்மியூர்.

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை நாள் தவறாமல் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்து மூன்று நாள் கொட்டித் தீர்த்த பிறகு நான்கைந்து நாள் வானம் வெளுத்துவிடும். கடலோரத்தில் அந்த மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும் இயல்புடையது. உங்களைப் போல அருகிலேயே இருப்பவர்கள், நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, இடைவெளி நாளொன்றில் காலை எழுந்து முடிவு செய்யலாம். வெளியூரார் முயல வேண்டாம்.

இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமானால், மழை பெய்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். சாதாரணத் தூறலுக்கு நீர்ச்சறுக்குகள் நிற்பதில்லை. இடி மின்னல் என்றால் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள், உயரமான ராட்டினங்களையும் நிறுத்திவிடுவார்கள். பலத்த காற்றிலும் அப்படித்தான். கூட்டம் குறைந்த மாதங்களில் சில ராட்டினங்களைப் பராமரிப்புக்காக மூடி வைப்பதும் உண்டு. ஆகவே உங்கள் பிள்ளைகள் ஆசைப்படும் அந்த ஒரு ராட்டினம் அன்று ஓடுகிறதா என்று கேட்ட பிறகே வண்டியை எடுங்கள்.