மணலின் ஓரத்தில் ஓடிய பட்டுப்பாதை

கேள்வி: பட்டுப்பாதை டக்லமக்கான் பாலைவனத்தின் வழியே சென்றதாகப் படித்தேன். நீரற்ற அந்த மணல்வெளியை வணிகக் கூட்டங்கள் எப்படிக் கடந்தன?

பதில்: கடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போயின என்பதே சரியான விடை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், தாரிம் படுகையில் கிடக்கும் இப்பாலைவனத்தின் பரப்பு சுமார் 3,37,000 சதுர கிலோமீட்டர். வடக்கே தியான்ஷான், தெற்கே குன்லுன், மேற்கே பாமீர் என மூன்று பக்கமும் நிற்கும் மலைகள் ஈரக்காற்றைத் தடுத்துவிடுவதால், இங்கே மழை பெயரளவுக்குத்தான் பெய்கிறது. ஆனால் அதே மலைகளின் பனியே கோடையில் உருகி ஆறாக இறங்குகிறது. அந்த ஆறுகளுள் பல கடலைக் காணாமலே மணலுக்குள் மறைந்துவிடும். மறையுமுன் அவை நனைத்த நிலத்தில்தான் ஊர்கள் எழுந்தன. ஆகவே கூச்சா, அக்சு வழியாக வடக்கு ஓரத்தில் ஒரு பாதையும், நியா, கோத்தான், யார்க்கந்து வழியாகத் தெற்கு ஓரத்தில் ஒரு பாதையும் அமைந்து, காஷ்கரில் ஒன்றுசேர்ந்தன. இந்தியாவுக்கு வடக்குப் பாதையில் வந்த சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங், தெற்குப் பாதையில் கோத்தான் வழியே 645இல் சீனத் தலைநகருக்குத் திரும்பினார்.

குறுக்கே போகத் துணிந்தவர்களின் கதி வேறு. 1895இல் ஸ்வென் ஹெடின் என்ற சுவீடன் நாட்டவர் அப்படிப் புறப்பட்டு, தாகத்துக்கு இரண்டு துணைவர்களையும் பெரும்பாலான ஒட்டகங்களையும் பறிகொடுத்தார். வறண்டு கிடந்த கோத்தான் ஆற்றில் ஒரு குட்டையைக் கண்டவர், பின்னால் விழுந்து கிடந்த பணியாளருக்குத் தம் காலணிகளில்தான் நீர் மொண்டு சென்றார்.

கேள்வி: மணலில் புதைந்த ஊர்களிலிருந்து என்ன கிடைத்தது?

பதில்: நியாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆறு சுருங்கியது அவ்வூர் கைவிடப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1901இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் அங்கே தோண்டியபோது, வறண்ட மணல் காத்து வைத்திருந்த எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான மரப்பலகைகள் வெளிவந்தன. எழுத்து கரோஷ்டி, மொழி இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து சென்ற பிராகிருதம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆப்பு வடிவில் செதுக்கிய இரண்டு பலகைகளை எழுத்து உள்ளே இருக்கும்படி சேர்த்து, கயிற்றால் மூன்று சுற்றுக் கட்டி, முடிச்சின் மேல் களிமண் வைத்து முத்திரை குத்தியிருந்தார்கள். சில முத்திரைகளில் கிரேக்கத் தெய்வமான அத்தேனாவின் உருவம் இருந்தது. அந்தப் பலகைகளில் அரச ஆணைகளோடு நிலம், நீர், ஒட்டகம் பற்றிய வழக்குகளும் பதிவாகியுள்ளன. கயிறு அவிழாமல், முத்திரை உடையாமல் கிடைத்தவையும் உண்டு.