பசுங்கணிகத்தின் சவ்வை ஏடிபி எப்படித் தாண்டுகிறது?

கடத்திப் புரதம் என்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு வாசல், ஆனால் சும்மா திறந்து கிடக்கிற வாசல் இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி பெரிய மூலக்கூறு, போதாக்குறைக்கு மின்சுமை வேறு, அதனால் கொழுப்பாலான சவ்வில் அது தானாக நுழையவே முடியாது. செடியின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்தின் உள்சவ்வில் இதற்கென்றே என்டிடி என்றொரு புரதம் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் கணக்குதான்: காலியைக் கொடுத்தால் நிரம்பியது கிடைக்கும். ஒரு ஏடிபி (ATP) உள்ளே வர, ஆற்றல் தீர்ந்துபோன அதன் வடிவம் (ADP) ஒன்றும் கூடவே ஒரு பாஸ்பேட்டும் வெளியேறும்.

உள்ளே வருவதா, ஒளிச்சேர்க்கையில் அங்கேயே தயாராகிறதே என்று கேட்கலாம். சரி, இரவில்? அப்போது வெளிச்சம் இல்லை, மைட்டோகாண்ட்ரியா செய்த ஏடிபியை வாங்கித்தான் ஆகவேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியில் இந்தப் புரதத்தை நீக்கிவிட்டுப் பகல் நேரத்தைக் குறைத்தால் இலைகளில் திசு செத்துப் புள்ளி புள்ளியாகக் கருகிவிடுகிறது. உருளைக்கிழங்குக்குள் பச்சையமே கிடையாது, அங்கே மாவுச்சத்து சேர்க்கும் கணிகங்களும் இதே வழியில்தான் ஏடிபி வாங்குகின்றன.

பகலில் பசுங்கணிகம் ஏடிபியைச் செல் முழுக்க விநியோகிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதில் பெரும்பகுதி உள்ளேயே சர்க்கரை செய்வதில் செலவாகிறது; வெளியே போவது மூன்று கார்பன் கொண்ட சர்க்கரை பாஸ்பேட், அதுவும் வேறொரு கடத்திப் புரதம் வழியாக.