மாதவிலக்கு நாட்களில் ராத்திரித் தூக்கம்: கேள்வி பதில்

பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கம் இருக்கும் நம் பெண்கள் (நடுவில் ஒரு தம்பியும்) அனுப்பிய கேள்விகள் இவை. பிரசவ வார்டில் தாதியாகப் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. எங்கே டாக்டரிடம் போக வேண்டுமோ அங்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர், நான் லாயிங்தாயாவில் தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். முதல் நாள் ராத்திரி 2 மணிக்கு வலி எழுப்பிவிடும். தாங்க முடியாமல் போனால்தான் மாத்திரை போடுவேன். அப்புறமும் விடியும்வரை தூக்கம் இல்லை. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தே தூங்குகிறேன்.

தாங்கிப் பார்த்துவிட்டுப் போடுவதுதான் இங்கே சிக்கல், தங்கச்சி. கருப்பையின் உள்சுவர் கழன்று வரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அதுதான் கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் முதல் நாள் சிலருக்கு வயிறு கலக்கிப் போகிறது. இப்யூபுரூஃபெனும் மெஃபனாமிக் ஆசிடும் அது உண்டாவதையே குறைக்கும் மருந்துகள். ஏற்கெனவே சுரந்ததை அவற்றால் துடைத்து எடுக்க முடியாது. அதனால் நடு ராத்திரியில் வலி உச்சத்தில் இருக்கும்போது போட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

இரத்தம் காண ஆரம்பித்ததுமே, அல்லது இன்று வந்துவிடும் என்று உடம்பு சொல்லும்போதே, சாப்பிட்டுவிட்டு இப்யூபுரூஃபென் 400 மில்லிகிராம் போடு. ஒரு வேளை மருந்து 6 முதல் 8 மணி நேரம் நிற்கும். எனவே நேரத்தைக் கணக்குப் பண்ணு. சாயங்காலம் 5 மணிக்குப் போட்டால் ராத்திரி 1 மணிக்குள் தீர்ந்துபோகும், நீ 2 மணிக்கு எழுந்து உட்காருவாய். கடைசி வேளையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள். சோறு சாப்பிட்டு நேரமாகிவிட்டதென்றால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ தின்றுவிட்டுப் போடு. நாளுக்கு 1200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று நாளைக்குத்தான் தேவைப்படும்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டால் மூச்சு இறுகுபவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் இவற்றைத் தொடக் கூடாது. அவர்களுக்குப் பாராசிட்டமால். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் பத்திரம்.

இன்னொன்று. தெருமுனை மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைப் பெயர் இல்லாமல் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்களே, அதை வாங்காதே. உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, நாளைக்கு உன்னைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அட்டையிலிருந்து வெட்டித் தந்தாலும் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற துண்டாகக் கேட்டு வாங்கு.

அக்கா, என் மகளுக்கு 17 வயது. மழைக்காலத்தில் காய்ச்சலும் விலக்கும் ஒன்றாக வந்துவிட்டது. வயிற்று வலிக்குப் போடுகிற அதே மாத்திரையைக் கொடுக்கலாமா? – தனட்பின்

கொடுக்காதீர்கள். மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் இப்யூபுரூஃபென், மெஃபனாமிக், ஆஸ்பிரின் மூன்றுமே இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். வயிற்றுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். விலக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் இறங்கிய பிறகும் பிள்ளை சோர்ந்து கிடந்து வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஹீட்டிங் பேட் வாங்கி வைத்திருக்கிறேன் சிஸ்டர், ஆனால் ராத்திரி கரண்ட் இருந்தால்தானே! – தாம்வே

நம் ஊர் கரண்டை நம்பி வலியை வைத்துக்கொள்ள முடியாதுதான். நம் வீடுகளில் வெறும் தேயிலைத் தண்ணீருக்காக எப்போதும் பிளாஸ்க் இருக்குமே, அதுதான் வழி. கரண்ட் இருக்கும் நேரத்தில் சுடுதண்ணீர் காய்ச்சி அதில் நிரப்பி வையுங்கள். படுக்கும்போது ரப்பர் வெந்நீர்ப் பையில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில் இதற்கு ஆகவே ஆகாது. சூட்டில் சுருங்கி மூடி கழன்றால் வயிறு வெந்துவிடும், வார்டில் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் பை இல்லையா? கெட்டித் துணியில் பை தைத்து அரிசியோ கல் உப்போ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பில் வாணலி வைத்து அரிசியை வறுத்துச் சூடாக்கிப் பையில் கொட்டி, முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் போடலாம். இது வெறும் மனத் திருப்தி என்று நினைக்க வேண்டாம். சுமார் 39, 40 டிகிரிச் சூடு தொடர்ந்து கிடைத்தால் இப்யூபுரூஃபெனுக்கு ஈடாக வலி குறைவதாக ஆய்வுகளே சொல்கின்றன. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய துணை. தூக்கம் கண்ணைச் சுற்றியதும் எடுத்துவிடுங்கள். மாதா மாதம் ஒரே இடத்தில் அதிகச் சூடு வைத்துத் தூங்கினால் தோலில் வலை வலையாகக் கறுத்துப்போகும்.

சித்திரை வெயிலில் சூட்டுக்கு மேல் சூடா என்று கேட்பீர்கள். படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டு, கழுத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் மட்டும் சூடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. தனக்கா (இங்கே பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து) பூசினால் முகம் குளிரும், வலிக்கு அது ஒன்றும் செய்யாது.

எனக்கு 15 வயது. கறை பட்டுவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி புரளாமல் மல்லாந்தே படுக்கிறேன். காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எப்படிப் படுப்பது?

பக்கவாட்டில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள், மகளே. வயிற்றுத் தசை தளரும், இடுப்பும் முறுக்கிக்கொள்ளாது. மல்லாந்துதான் தூக்கம் வருமென்றால் முழங்காலுக்கு அடியில் தலையணையோ சுருட்டிய போர்வையோ வை. குப்புறப் படுப்பதாலும் கெடுதல் எதுவும் வராது. எது சுகமோ அதுதான் சரியான படுக்கை.

கறைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ராத்திரிக்கென்று நீளமான நாப்கின் விற்கிறார்கள், சிறகு வைத்தது. மல்லாந்து படுப்பவர்கள் அதைக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளி ஒட்ட வேண்டும். இறுக்கமான உள்ளாடை போட்டால் நகராது. பாயின் மேல் பழைய லுங்கியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் படு. காலையில் அதை மட்டும் அலசினால் போதும். கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். படுக்கப் போகும்போது புதிது மாற்றிக்கொண்டால் 8 மணி நேரம் வரை கவலை இல்லை. துணி வைப்பவர்கள் சோப்புப் போட்டு வெயிலில் காயப்போடுங்கள். கொசுவலைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்துக் காயவைத்த ஈரத் துணிதான் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும்.

எங்கள் காலத்தில் மூன்று நாள் தனியாகப் பாய் போட்டுப் படுத்தோம், தலைக்குக் குளிக்க மாட்டோம், புளிப்புத் தொட மாட்டோம். இப்போது பேத்தி முதல் நாளே தலைக்கு ஊற்றுகிறாள். உடம்புக்கு ஆகுமா, தாயி? – மோல்மேன்

ஆகும் பாட்டி. தலைக்குக் குளித்தால் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்பது நம்மவர்களும் சொல்வது, பர்மாக்காரர்களும் சொல்வது. ஆனால் அப்படி எதுவும் நடப்பதில்லை. புளிப்பும் கெடுதல் இல்லை. தனிப் பாய் விஷயத்தில் ஒன்று சொல்லட்டுமா? அந்த மூன்று நாளாவது அடுப்படி வேலையும் தண்ணீர் சுமக்கிற வேலையும் இல்லாமல் பெண்கள் படுத்தார்கள், அது நல்லது. ஈரத் தரையில், தலையணை இல்லாமல், கொசுக்கடியில் படுக்க வைத்தது நல்லதில்லை. பேத்திக்கு ஓய்வைக் கொடுங்கள், கட்டிலையும் கொடுங்கள். நீங்கள் போட்டுத் தருகிற இஞ்சிக் கஷாயத்தை நிறுத்த வேண்டாம். முதல் மூன்று நாள் இஞ்சி எடுத்துக்கொண்டவர்களுக்கு வலி குறைந்ததாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்த பிறகு பிரச்சினை இல்லை. வருவதற்கு முந்திய நாலைந்து நாள்தான் தூக்கமே இல்லை. எரிச்சல் வேறு.

கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். அப்போது உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏறி, விலக்கு வரும்போதுதான் இறங்கும். தூங்குவதற்கு உடம்பு கொஞ்சம் குளிர வேண்டும். ஏற்கெனவே புழுங்குகிற ஊரில் இந்த அரை டிகிரியே தொந்தரவுதான். அந்த நாட்களில் ஜன்னல் பக்கம் படுங்கள், மெல்லிய பருத்தி உடுப்பு போதும். சாயங்காலம் டீக்கடையில் குடிக்கும் லபேயேயை (பால் டீயை) மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மனம் ரொம்பவே தாழ்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால் அது வெறும் எரிச்சல் இல்லை. அதற்கு வைத்தியம் உண்டு, டாக்டரைப் பாருங்கள்.

சிஸ்டர், என் மனைவிக்கு 38 வயது. 9 நாள் போகிறது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து மாற்றுகிறாள். படுத்தால் காலைச் சும்மா வைக்க முடியவில்லை, ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் பொம்பளைகளுக்கு இது சகஜம் என்கிறாள்.

சகஜம் இல்லை தம்பி. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. 7 நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டி வருவது, பெரிய நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுவது, ராத்திரித் தூக்கத்தை விட்டு எழுந்து மாற்றுவது: இதில் ஒன்று இருந்தாலே அதிகப் போக்குதான். கால் குடைச்சலைக் கேட்டதும் இரும்புச் சத்துக் குறைவோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் படுத்ததும் காலை ஆட்டத் தோன்றும், ஆட்டினால் சற்றுச் சுகம், நிறுத்தினால் மறுபடி தொடங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனும் வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்த வயதில் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது சாதாரணம். போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் ஆசிட் போன்ற மருந்துகள் உண்டு, டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். வீட்டில் ஈரல், மீன், முருங்கைக் கீரை சமையுங்கள். கீரையின் மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சோற்றோடு தேயிலைத் தண்ணீர் குடிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம், ஆனால் அது இரும்பைச் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த நாட்களில் ராத்திரிப் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள்.

தீமிதிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். தேதி இடிக்கிறது. தள்ளிப்போட மாத்திரை போடலாமா?

போடலாம், ஆனால் கடையில் நீயாக வாங்கிப் போடாதே. நாரெதிஸ்டிரோன் என்ற மாத்திரையை வழக்கமாக விலக்கு வர வேண்டிய நாளுக்கு 3 நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். முந்தின நாள் ஓடிவந்தால் பலன் இல்லை. காலில் இரத்தக் கட்டு வந்தவர்கள், கண் முன்னால் வெளிச்சம் மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மாதவிலக்குக் கப் (உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) வைத்துக்கொண்டு தூங்கலாமா?

தாராளமாக. 12 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு வை. டேம்பான் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) என்றால் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தான நச்சுத் தொற்று வரலாம்.

எனக்கு 22 வயது. வருஷா வருஷம் வலி கூடுகிறது. மாத்திரைக்கு அடங்குவதில்லை. வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிடும், மலம் கழிக்கும்போது உயிர் போகிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள். – பெகு

கல்யாணம் மருந்து இல்லை, தங்கச்சி. வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத் தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் இருந்து, மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் அடங்குகிற வலி ஒரு வகை. நீ சொல்வது வேறு. கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, குடல் பக்கம், சினைப்பை பக்கம் வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் மகப்பேறு டாக்டர் பார்க்க வேண்டிய வலி இது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாலும் விட்டுவிடாதே. ஆரம்பத்தில் பலருக்கு ஸ்கேனில் தெரியாது. கர்ப்பத் தடைக்கும் போடுகிற ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு என்று அம்மா பதறுவார்கள். இங்கே அது வலிக்கான வைத்தியம் என்று சொல்லிப் புரியவை.

டாக்டர் ஆம்பளை, அதுவும் பர்மியில் சொல்ல வேண்டும். போனாலே வாய் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்ய?

வாயால் சொல்ல வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி மூன்று விலக்கு வந்த தேதி, எத்தனை நாள் போனது, அதிகம் போகும் நாளில் எத்தனை நாப்கின், ராத்திரி எத்தனை மணிக்கு வலி எழுப்பியது, என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள், கேட்டதா இல்லையா. பர்மியில் எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரையின் காலி அட்டையையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். சோதனை செய்யும்போது கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.